பனையோலைப் பெட்டியும் அதன் கணக்கும்

தோற்றுவாய்

பனையோலை என்றவுடன் கல்லூரி மாணாக்கராகிய நமக்கு முதற்கண் நினைவில் எழுவன ஏட்டுச் சுவடிகளே. நம் முன்னோர் தம் நூல்களை ஓலையிற் பொறித்து வைத்தனர் என்பதையும், கறையானுக்கும் நெருப்புக்கும் தப்பி எஞ்சியவற்றை டாக்டர் உ. வே. சாமிநாதையர் முதலிய பெரியோர் ஊர்தோறும் தேடித் திரட்டி அச்சேற்றினர் என்பதையும் நாம் படித்திருக்கின்றோம். 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணி அவர் பதிப்பாக வெளிவந்த வரலாற்றை நம்முள் அறியாதார் சிலரே. ஆயின், அதே மரத்தின் ஓலை ஏடாகாமல் பெட்டியாக முடையப்பெற்ற காலத்து, அதனுள்ளும் ஒரு கல்வி அடங்கியிருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அக்கல்வி இன்னது என்பதை யாம் கற்ற அளவில் இக்கட்டுரையிற் கூற முற்படுகின்றோம்.

சென்ற விடுமுறையில் எம் வகுப்பினர் அறுவர், திருநெல்வேலிச் சீமையின் தென்பால், செந்நிறத் தேரி மணல் பரந்ததொரு சிற்றூரில், பெட்டி முடையும் மூதாட்டி ஒருவரிடம் பத்து நாள் இருந்து பயின்றோம். தம் பெயரையும் ஊரையும் எழுதவேண்டா என்று அவர் கேட்டுக்கொண்டமையால் அவரை ஆச்சி என்றே குறிப்போம். யாம் அவரை அழைத்ததும் அவ்வாறே.

மரமும் ஓலையும்

பனை மெல்ல வளரும் மரம். வித்திட்டவன் அதன் பயனைக் காணப் பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ காத்திருத்தல் வேண்டும். வளர்ந்தபின் அது 30 மீட்டர் வரை உயர்ந்து, நூறாண்டு கடந்தும் நிற்கும். தால விலாசம் என்னும் செய்யுள் நூல் பனைக்கு 801 பயன்களைக் கூறும் என்பர். அவற்றுள் ஓலையால் வருவனவே பல.

மரத்தின் உச்சியில் விசிறிபோல் விரிந்து 30 முதல் 40 ஓலைகள் நிற்கும். முற்றிப் பசுமை மிக்கதைச் சாரோலை என்றும், நடுவில் விரியாது கூம்பி நிற்பதைக் குருத்தோலை என்றும் வழங்குவர். ஓலையைத் தாங்கும் காம்பு மட்டை எனப்படும். அதன் இரு விளிம்பிலும் வாள்போல் அமைந்த பல்வரிசை கருக்கு ஆகும். ஓலையின் ஒவ்வோர் இதழின் நடுவிலும் ஓடும் நரம்பு ஈர்க்கு. மட்டையின் உட்புறத்திலிருந்து உரிக்கும் அகணி நார், பெட்டியின் விளிம்பைக் கட்டுதற்கு உதவும்.

கூரை வேய்தற்கும் பெரும்பாய் முடைதற்கும் சாரோலை போதும். அழகிய பெட்டிக்கோ குருத்தோலையே வேண்டும். அது மென்மையும் வெண்மையும் உடையது. இங்கே கருதத் தக்கதொன்று உண்டு. பனைக்குக் கிளையில்லை, உச்சியில் உள்ள ஒரே குருத்தின் வழியாகவே அது வளர்கிறது. அதன் உயிர்முனை கெடுமாயின் மரம் முழுவதும் மாளும். ஆகலின் ஓலை வெட்டுவோர், குருத்தின் அடியைத் தீண்டாது, மரத்துக்கு ஊறு நேராத அளவே கொய்வர். பெட்டியின் நேர்த்தி முடைபவர் கையில் தொடங்குவதன்று. உச்சியில் நின்று அளவறிந்து வெட்டும் பனையேறியின் கையில் தொடங்குகின்றது என்பதை யாம் முதல் நாளிலேயே அறிந்தோம்.

பெட்டி வகைகள்

பயன்கள் பலவாதலின் பெட்டிகளும் பல. திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரங்களிற் கருப்புக்கட்டியும் மிட்டாயும் வைத்து விற்கும் சிறு பெட்டிகளும், தானியஞ் சுமக்கும் கடகங்களும், புடைக்கும் சுளகுகளும் ஓலையாலும் நாராலும் ஆவன. செட்டிநாட்டிற் கொட்டான் என்னும் சிறு பெட்டி, திருமணத்திலும் பிற சடங்குகளிலும் வெற்றிலை பாக்கும் பலகாரமும் வைத்து வழங்கப்படுவது. வண்ண நூலாலும் மணியாலும் அதன் புறத்தை அணிசெய்வதில் ஆச்சிமார் பெயர் பெற்றவர். யாழ்ப்பாணத்தில் பிட்டு அவிக்க நீற்றுப்பெட்டியும், பொருள் வைக்க மூடற்பெட்டியும் முடைவர். ஓலை வாருதற்கென்றே சத்தகம் என்னும் கூர்நுனிக் கத்தி ஒன்று ஆண்டு வழங்குகிறது.

இவையனைத்திலும் ஒரு பொது இயல்பைக் காணலாம். காற்றுப் புக வேண்டிய பொருளுக்கு இடைவெளி விட்டும், சிறுதானியம் சிந்தாதிருக்க நெருக்கியும் முடைகின்றனர். நீற்றுப்பெட்டியின் கூம்பு வடிவம் ஆவி மேலெழுதற்கு ஏற்றது. முதலிற் பயன், பின்னர் அதற்கேற்ற வடிவம், அவ்வடிவத்திலிருந்து பிறக்கும் கோலம் என்பதே இக்கைத்தொழிலின் முறை. அணியென்று தனியே ஒன்றைக் கொணர்ந்து ஒட்டுவது பிற்காலத்து வழக்கமே.

பதஞ்செய்தல்

கொய்த குருத்தோலையை விரித்து வெயிலில் இரண்டு மூன்று நாள் உலர்த்துகின்றனர். பசுமை நீங்கி அது பாலின் நிறம் பெறும். ஈரம் எஞ்சியிருப்பின் கருமை படரும். நன்கு உலர்ந்ததை ஈர்க்கு நீக்கி, வேண்டிய அகலத்திற்கு ஒரே சீராக வார்கின்றனர். ஓர் ஓலை அகன்றும் மற்றொன்று ஒடுங்கியும் இருப்பின், கை எவ்வளவு தேர்ந்ததாயினும் சுவர் கோணும்.

முடையுங்கால் ஓலை சற்று ஈரம் பெற்றிருத்தல் வேண்டும். இச்'சற்று' என்பதன் பொருளை யாம் இழப்பின் வாயிலாக அறிந்தோம். உலர்ந்த ஓலை மடிப்பில் வெடிக்கக் கண்டு, அதனை ஒரு நாழிகைக்கு மேல் நீரில் ஊறவைத்தோம். அது பட்டுப்போல் வளைந்தது. அன்று மாலைக்குள் அறுவரும் இறுக்கமாக ஆறு பெட்டிகள் முடைந்து பெருமிதங் கொண்டோம். மூன்றாம் நாள் எடுத்துப் பார்க்குங்கால், ஓலைக்கும் ஓலைக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தது. குலுக்கினால் பெட்டி ஆடிற்று. நீரில் ஊறிய ஓலை விரிந்திருந்தது; உலர்ந்தபின் அது சுருங்கவே, நெருக்கம் நீங்கிவிட்டது. ஆச்சி அவற்றைக் கையில் வாங்கி, "ஓலைக்குத் தாகம் தீரணும் மக்கா, வயிறு நிறையக் கூடாது" என்றார். ஈரத்துணியிற் சுற்றிவைத்த ஓலையே முடைதற்கு உரியது என்பது அதன்பின் எமக்கு விளங்கிற்று.

அடியிடுதல்

பெட்டி சதுரமான அடியில் தொடங்கி வட்டமான வாயில் முடிகிறது. இஃது எவ்வாறு என்பது எம்முட் கணிதம் பயில்வோருக்கும் முதலில் விளங்கவில்லை.

ஒரே அகலமுள்ள 16 ஓலைகளை அருகருகே கிடத்தி, அவற்றின் குறுக்கே வேறு 16 ஓலைகளை ஒன்றன்மேல் ஒன்றன்கீழாகச் செலுத்தினால், நடுவில் ஒரு சதுரப் பின்னல் கிடைக்கும். அதன் நான்கு பக்கங்களிலும் பக்கத்திற்குப் பதினாறாக ஓலை முனைகள் நீண்டு நிற்கும். சதுரத்தின் நான்கு மூலைகளையும் பெட்டியின் மூலைகளாகக் கொள்வரென்றே யாம் நினைத்தோம். அங்ஙனமன்று. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும், இடப்புறத்து எட்டு ஓலைகளையும் வலப்புறத்து எட்டு ஓலைகளையும் ஒன்றோடொன்று குறுக்கிட்டு முடைய, அந்நடுவிடம் மேலெழுந்து பெட்டியின் மூலையாகிறது. ஆகவே பெட்டியின் அடி, முதலில் முடைந்த சதுரத்தின் பக்க நடுப்புள்ளிகளை இணைத்து வரும் சிறிய சதுரமாம். அதன் பரப்பு முன்னதிற் சரிபாதி. எஞ்சிய பாதி மேலெழுந்து சுவரின் தொடக்கம் ஆகிறது.

இதன்பின் சுவரில் ஓலைகள் நேராக ஏறுவதில்லை. பாதி வலப்புறமாகவும் பாதி இடப்புறமாகவும் சாய்ந்து ஏறுகின்றன. சாய்ந்த ஓலை நாற்புறமும் ஒரே அளவாக இழுக்குமாதலின், உயரச் செல்லச் செல்ல மூலைகள் தணிந்து, வாய் வட்டமாகிறது. விளிம்பு வந்தவுடன் முனைகளை உள்ளே மடித்துச் செருகி, அகணி நாரால் குத்தூசி கொண்டு கட்டுகின்றனர்.

கோலமும் எண்ணும்

ஒன்று மேல் ஒன்று கீழாக முடைவது எளிய பின்னல். மூன்று மேல் மூன்று கீழாக, ஒவ்வொரு படியிலும் இடம் மாற்றி முடைந்தால், சுவரில் நிமிர்ந்த வரிகள் தோன்றும். வலஞ்சாய்ந்த ஓலையும் இடஞ்சாய்ந்த ஓலையும் ஒளியை வெவ்வேறு வகையாகக் காட்டுதலின், சாயமே இல்லாத வெண்ணோலையிலும் அவ்வரிகள் தெளிவாய்த் தெரியும். வண்ணம் வேண்டுவோர், சுவர் எழும்பும்போதே சாயந்தோய்த்த மெல்லோலையை வலஞ்சாய்ந்தவற்றின்மேல் இரட்டையாக வைத்து முடைகின்றனர். ஒரே ஓலையின் ஒரு முனை வலமாகவும் மறுமுனை இடமாகவும் சாய்ந்து ஏறுவதால், ஓலை முழுவதையும் தோய்த்து இவ்வழகைப் பெற இயலாது.

பதிமுகக் கட்டையை நீரிற் கொதிக்கவைத்தால் செந்நிறமும், மஞ்சளால் பொன்னிறமும் கிடைக்கும். மஞ்சள் வெயிலில் விரைந்து வெளுக்கும். இப்போது ஆச்சி போன்றோர் பெரும்பாலும் கடைச் சாயப்பொடியையே வாங்கிக் கொதிநீரில் இட்டுத் தோய்க்கின்றனர்.

நிமிர்ந்த வரிப்பெட்டி ஒன்று முடைய விரும்பி, யாம் பழகிய 16 ஓலைகளையே அடியிட்டோம். வரிகள் ஒழுங்காகவே எழுந்தன. ஆயின் சுற்றி வந்து தொடங்கிய இடத்தைச் சேருங்கால், கடைசி வரி மட்டும் ஓர் ஓலையளவாய் ஒடுங்கி நின்றது. எங்கோ தவறு நேர்ந்ததென்று பிரித்து முடைந்தோம். மீண்டும் அவ்வாறே ஆயிற்று. ஆச்சி எட்டிப் பார்த்து, "எத்தனை ஓலை வச்சீங்க?" என்றார். பதினாறு என்றோம். "இதுக்குப் பதினெட்டுல்லா வைக்கணும்" என்று கூறி, தம் வேலையைத் தொடர்ந்தார்.

ஏன் பதினெட்டு என்று அவரைக் கேட்டோம். தம் தாயார் அவ்வாறு சொன்னார் என்பதே விடை. அன்றிரவு விளக்கடியில் அமர்ந்து கணக்கிட்டோம். பக்கத்திற்கு 16 எனில் சுற்றில் 64 முனைகள். மூன்று மேல் மூன்று கீழ் என்னும் கோலம் ஆறு ஆறாக மீள்வது. 64ஐ 6ஆல் வகுத்தால் 4 மிச்சம். அம்மிச்சமே எம் ஒடுங்கிய வரி. பக்கத்திற்கு 18 எனில் 72 முனைகள். 6ஆல் வகுக்க, மிச்சமின்றி 12. கோலம் எத்தனை முனைக்கொரு முறை மீள்கிறதோ, அவ்வெண்ணால் சுற்றின் மொத்தம் மிச்சமின்றி வகுபடல் வேண்டும் என்பதே விதி. ஆச்சி பள்ளிக்குச் சென்றவரல்லர். வகுத்தற் கணக்கு என்று அவர் அதனை அறியார். ஆயின் இன்ன கோலத்துக்கு இத்தனை ஓலை என்று அவர் நினைவில் வைத்திருந்த எண்களுள் யாம் கேட்டறிந்தவை அனைத்தும் இவ்விதிக்கு அடங்கின.

ஒரு பழம்பெட்டி

எட்டாம் நாள் ஆச்சி பரண்மேலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தார். அஃது அவர் தாயார் முடைந்தது. அடி இற்று உதிர்ந்துவிட்டது. சுவர் மட்டும் எஞ்சியிருந்தது. புகையேறிக் கறுத்த அச்சுவரில், கூர்ந்து நோக்கின், சாய்சதுரக் கண்கள் ஒன்றையொன்று தொட்டுச் சுற்றி வந்தன. ஆச்சி இளமையில் அக்கோலத்தை முடைந்தவர். பின்னர்க் கேட்பாரின்மையால் விட்டுவிட்டார். சில ஆண்டுகளுக்குமுன் மறுபடியும் முடைய முயன்றபோது அது கூடிவரவில்லை. மும்முறை பிரித்தாராம். "கை மறந்துட்டு" என்றார். அதனைப் பிரித்துப் பார்த்தால் வழி தெரியக்கூடும். ஆயின் தாயார் கையால் எஞ்சிய பெட்டி அஃதொன்றே.

யாம் பிரிக்கவில்லை, எண்ணினோம். வலஞ்சாய்ந்த ஓலைகள் 48, இடஞ்சாய்ந்தவை 48, ஆகச் சுற்றில் 96. சாய்சதுரக் கண்கள் எட்டு. எனவே கண்ணொன்றுக்கு 12 முனைகள். அடியிற் பக்கத்திற்கு 24 ஓலைகள் இருந்திருத்தல் வேண்டும். ஆச்சி தம் முயற்சியில் 20 ஓலைகளை அடியிட்டதாகச் சொன்னார். இருபது எனில் சுற்றில் 80. அதனைப் பன்னிரண்டால் வகுக்க 8 மிச்சம் நிற்கும். கை மறக்கவில்லை, எண்ணே மறந்தது என்பது புலனாயிற்று.

இருபத்து நான்கு என்று யாம் சொன்னபோது ஆச்சி எதுவுங் கூறவில்லை. ஓலையை எடுத்து ஈரத்துணியிற் சுற்றிவைத்தார். மறுநாட் காலையில் அடியிட்டார். எண் தெரிந்த எம்மால் அக்கோலத்தில் ஒரு வரிசையும் முடைய இயலவில்லை; எந்த ஓலை எப்போது மேலேறும் என்பது அவர் விரல்களுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. மாலையில் எட்டாவது கண் முதற் கண்ணோடு இடைவெளியின்றிப் பொருந்திற்று. ஆச்சி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எங்கம்மை இருந்தா சிரிப்பா" என்றார்.

இற்றை நிலை

இனி, இத்தொழிலின் இன்றைய நிலைமையைச் சிறிது கூறல் வேண்டும். பனை 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பெற்றது. ஆயினும் செங்கற் சூளைகளுக்கு விறகாகப் பல்லாயிரம் பனைகள் வீழ்ந்தன. 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு தன் முதல் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்டுதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. 2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொடங்கி, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பல மாநிலத்தில் தடை செய்யப்பட்டமையால், ஓலைப்பெட்டியைத் தேடுவோரும் தோன்றியுள்ளனர். இவை நற்குறிகள். ஆயின் மரம் இருந்தும் ஏறுவார் அருகி வருகின்றனர். ஏறுவார் இன்றேல் குருத்தோலை இல்லை.

மற்றொன்றும் உண்டு. ஆச்சியின் பெட்டிக்கு நிகரான ஒன்றை, நகரத்து அலங்காரக் கடையொன்றில் அவர் பெற்ற விலையைப்போல் நான்கு மடங்குக்கு விற்கக் கண்டோம். ஓலை, சாயம் ஆகியவற்றின் செலவு நீக்கி, ஆச்சி பெற்ற தொகையை அவர் உழைத்த நேரத்தால் வகுத்துப் பார்த்தோம். நாம் நகரத்தில் ஒரு குவளைத் தேநீருக்குக் கொடுக்கும் விலையே அவரது ஒரு மணி நேரக் கூலியாய் முடிந்தது. அவர் மருமகள் பெட்டி முடைவதில்லை; பேத்தி நம்மைப்போற் கல்லூரியிற் படிக்கின்றாள். அவர்களைக் குறை கூற எமக்கு வாயில்லை. இக்கூலிக்கு எவர் தம் மகளுக்கு இத்தொழிலைக் கற்பிப்பர்?

முடிவுரை

மாணவ நண்பர்களே! நம்மிற் பலருடைய வீடுகளிலும் ஊர்களிலும் இன்னும் இத்தகைய ஆச்சிமார் இருக்கின்றனர். அவர் அறிந்த கோலங்கள் எந்நூலிலும் இல்லை. ஒருவர் மறைந்தால் ஒரு சுவடி எரிந்தது போலாம். யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, விடுமுறையிற் செல்லுங்கால் ஒரு பெட்டியேனும் எடுத்து, அடியில் எத்தனை ஓலை, சுற்றில் எத்தனை முனை, எத்தனைக்கொரு முறை கோலம் மீள்கிறது என்பவற்றை எண்ணி, முடைந்தவரின் இசைவு பெற்று எழுதி வருக. இரண்டாவது, கூடுமாயின் ஒரு பெட்டியை நீவிரே முடைந்து பார்க்க. எண்ணை மட்டும் எழுதிக்கொள்வது பாதிக் கல்வியே என்பது யாம் பட்டறிந்தது. மூன்றாவது, வாங்குங்கால் முடைந்தவரிடமே அவர் கூறும் விலை கொடுத்து வாங்குக; பேரம் பேசற்க. பழைய மாணவர்களாய் நல்ல நிலையில் இருப்போர் தம் இல்லத்து விழாக்களில் பலகாரம் வழங்க ஓலைப்பெட்டிகளைக் கொள்வாராயின், ஓரூரில் நான்கு குடும்பங்களேனும் ஓலை வாருவதை விடாதிருக்கும்.

எம்மிடம் இப்போது ஒரு குறிப்புச் சுவடி உள்ளது. அதில் ஒன்பது கோலங்களும் அவற்றின் எண்களும் எழுதப்பெற்றுள்ளன. ஒன்பதாவது கோலம், ஆச்சியின் தாயாருடையது. எஞ்சிய ஏடுகள் வெறுமையாய் இருக்கின்றன. அவற்றை நிரப்ப வருவோரை அன்புடன் எதிர்நோக்குகின்றோம்.